டோல் வரிசையில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. இந்த வண்டியில் மே மாதம் கொடைக்கானல் போகலாமா?

குரோம்பேட்டைவாசி:
வணக்கம். மே இரண்டாம் வாரம் அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயதுப் பையனோடு கொடைக்கானல் போக ரூம் போட்டாயிற்று. வண்டி 2014 மாடல் பெட்ரோல், 86,000 கி.மீ. ஓடியது. ஒத்திகை மாதிரி போன ஞாயிறு மேல்மருவத்தூர் போய் வந்தோம். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது பரனூர் டோலில் நீண்ட வரிசை. ஏசி போட்டபடி ஊர்ந்தோம், பத்து நிமிடத்தில் முள் பாதியைத் தாண்டி ஏறிவிட்டது. பயந்துபோய் ஏசியை அணைத்தேன். டோலைக் கடந்து 60-இல் போனதும் தானாகவே இறங்கிவிட்டது.

வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இறக்கிப் பார்த்துடலாம்" என்று 20,000 சொல்கிறார்கள். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலாம் அது. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் குறைவாக இருந்தது, போர் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

மூணாவது கியர்:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுங்கள் ப்ரோ. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை. என் வண்டியில் நாலு வருடமாக இல்லை.

பழைய ஸ்பானர்:
தம்பி, எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அதைக் கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கோளாறு அப்படியே இருக்கும்.

குரோம்பேட்டை சார், ஒரே ஒரு கேள்வி. டோலில் நின்றபோது ஏசியில் குளிர் குறைந்ததா?

குரோம்பேட்டைவாசி:
ஆமாம் சார்! அம்மா கூட "என்னடா அனல் வருது" என்றார். கேஸ் குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஓடும்போது நன்றாகவே குளிர்கிறது.

பழைய ஸ்பானர்:
அப்படியானால் 20,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள், முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் அதே காற்றுதான். அதனால்தான் முள் ஏறுவதும் குளிர் போவதும் ஒன்றாக நடக்கிறது.

பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஒருவரை ஏசி போடச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் பிடித்ததுமே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ் பாருங்கள். அப்புறம் ரிலே, அதாவது ஃபேனுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும். ஹார்ன் ரிலே அதே நம்பராக இருந்தால், வண்டியை அணைத்துவிட்டு இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீளமான குச்சியால் ஃபேன் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டு தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால், உள்ளே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், எந்த நொடியும் சுற்றும்.

ஹெட் கேஸ்கெட் என்றால் ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி படிவு, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, தினமும் குறையும் கூலன்ட் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

வத்தலக்குண்டு:
போர் தண்ணீரைப் பார்த்ததும் பகீர் என்றது. அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படிந்தால் ஃபேன் மாற்றியும் பயனில்லை. முழுதாக வடித்து, கழுவி, கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தால்தான் உள்ளே இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த கணம் முகத்தில் அடிக்கும்.

எங்கள் ஊரிலிருந்துதான் மலை ஏறுவீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கவலை. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியர், காலைப் பிரேக்கிலேயே வைத்திருக்க வேண்டாம். இ-பாஸ் மறக்காதீர்கள், உயர்நீதிமன்ற உத்தரவுப்படி மே 2024 முதல் கேட்கிறார்கள்.

குரோம்பேட்டைவாசி:
டயர் பட்டன் நன்றாகவே இருக்கிறது. வெயிலுக்குக் காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பழைய ஸ்பானர்:
குறைக்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான். டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் முழு லோடுக்கு என்ன போட்டிருக்கிறதோ அதை, காலையில் டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். டயர் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இன் 23-ஆம் வாரம்.

குரோம்பேட்டைவாசி:
நேற்று மாலை பார்த்தேன். ஏசி போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ் சரி. ரிலே மாற்றினேன், அப்போதும் இல்லை. துடைப்பக் கட்டையால் தட்டினேன், முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தது! மனைவி "இதுக்கா இருபதாயிரம்?" என்றாள். இன்று வேறு மெக்கானிக்கிடம் மோட்டார் மாற்றி, ரேடியேட்டரையும் கழுவியாயிற்று. வடித்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, அடியில் சுண்ணாம்பு மாதிரி செதில்கள். டயர் ஒன்று 1116. நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டேன், அதில்தான் பணம் போனது.

வத்தலக்குண்டு:
ஸ்டெப்னியையும் பார்த்தீர்களா?

குரோம்பேட்டைவாசி:
பார்த்தேன். காற்றே இல்லை. 2014-க்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

குரோம்பேட்டைவாசி (மூன்று வாரம் கழித்து):
டம்டம் பாறையிலிருந்து எழுதுகிறேன். எதிரே எலிவால் அருவி மெல்லிய கோடாகத் தெரிகிறது. பரனூரில் முக்கால் மணி நேரம் நின்றோம், ஏசி போட்டும் முள் பாதியிலேயே இருந்தது. மலை ஏறும்போதும் அப்படியே. பையன்தான் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டான். அதற்கு எந்த ரிலேயை மாற்றுவது, ஸ்பானர் சார்?