மறு: உடல் பருமன் சிகிச்சைக்கான ‘வயிற்று நரம்பு முடுக்கி’

> ‘இதயமுடுக்கி’ பழகிய சொல். அதே வழியில் இதையும் ‘வயிற்று நரம்பு முடுக்கி’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா. உடல் பருமன் சிகிச்சைக் கருவிக்கு நீங்கள் சொன்ன தமிழ்ப் பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கருவி எதையும் முடுக்குவதில்லை.

2015 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மேஸ்ட்ரோ கருவியையே பாருங்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில், மூளையிலிருந்து வயிறு வரை செல்லும் வேகஸ் நரம்பின் முன், பின் தண்டுகளில் மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவற்றை இயக்கும் பெட்டி மார்புப் பக்கத்தில் தோலுக்கடியில் இருக்கும். அதிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் மின்னோட்டம், வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் செய்தியை விட்டுவிட்டு நிறுத்துகிறது. பசி குறையும், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. வலிப்பு நோய்க்கு 1997இல் அனுமதி பெற்ற கருவியோ, இதே நரம்பைக் கழுத்தில் 20, 30 ஹெர்ட்ஸில் தூண்டிவிடுகிறது. ஒன்று தூண்டுகிறது, மற்றொன்று நிறுத்துகிறது. இரண்டையும் ‘முடுக்கி’ என்றோ ‘தூண்டல்’ என்றோ எழுதினால் நோயாளிக்கு என்ன புரியும்?

‘நரம்பு மின்தடை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மின்தடை என்றால் பள்ளிப் பிள்ளைக்கு ஓம் விதி, மற்றவர்களுக்குக் கரண்ட் போவது. அது வேண்டாம்.

என் பரிந்துரை ‘மறிப்பு’. சாலை மறியல் தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. வழி அப்படியே இருக்கும், போக்குவரத்து மட்டும் நிற்கும். இங்கேயும் நரம்பை அறுப்பதில்லை, கருவியை அணைத்தால் செய்தி மறுபடி ஓடும். ‘மின்மறிப்பு’ என்று சேர்த்து எழுதினால் இயற்பியலின் ‘மின்மறுப்பு’ குழப்பும். அதனால் ‘மின்வழி நரம்பு மறிப்பு’. மயக்க மருத்துவர்கள் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்வதை ‘மருந்துவழி நரம்பு மறிப்பு’ என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரே வேர்ச்சொல், இரண்டு இடத்துக்கும் ஆகிறது.

இந்தக் கருவிக்குப் ‘பருமன் நீக்கி’ என்று பெயர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 239 பேரிடம் நடந்த சோதனையில், ஓராண்டு முடிவில், கருவி இயங்கியவர்களுக்கு மிகையான எடையில் (மொத்த எடையில் அல்ல) 24.4% குறைந்தது. மின்முனை இல்லாமல் வெறும் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்கும் 15.9% குறைந்தது. இவ்வளவுதான் வித்தியாசம். எடையோடு போராடி அலுத்தவர்களுக்குப் பெயரிலேயே பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

சரி, தூண்டல், மறிப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒரு பொதுச்சொல் வேண்டும். ‘மாடுலேஷன்’ என்பதற்கு வழங்கும் ‘பண்பேற்றம்’ வானொலிப் பாடத்துக்குப் பொருந்தும், நரம்புக்கு ஒட்டவில்லை. ‘நரம்புச் சீராக்கம்’ சரிவருமா? குழுவில் உள்ள மருத்துவர்கள் நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.