தொண்டையில் ஆசிட்: எந்த டாக்டரை நம்புவது?

பால்மரம்72:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்காரி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்து மாதமாகக் குரல் கம்மிப்போய், விடிந்தால் தொண்டையைக் காறிக்கொண்டே இருக்கிறாள், அந்தச் சத்தத்தில்தான் எனக்கே விழிப்பு வருகிறது. ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருக்கிறதாம். நெஞ்செரிச்சல் மட்டும் கிடையவே கிடையாது. ஈப்போவில் காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, குரல்நாண் சிவந்திருக்கிறது, ஆசிட் மேலே ஏறுகிறது என்றார். வயிற்று டாக்டரோ வாய் வழியாக ஸ்கோப் (கேமராக் குழாய்) போட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவே இல்லை. ஆசிட்டைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை மூன்று வாரமாகப் போடுகிறாள், பலன் இல்லை. நிறுத்திவிடலாமா?

லோரிக்காரன்:
அண்ணே, எனக்கும் இதே கதைதான். தெ தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) பாதி நோய், ராத்திரி பதினொரு மணிக்கு மாமாக் கடை ரொட்டி சானாய் (பரோட்டா) மீதி நோய். விட்டதும் குறைந்தது. மாத்திரை எல்லாம் எதற்கு?

முன்னாள் மிஸி:
லோரிக்காரத் தம்பி, உங்களுக்குக் குறைந்தது, சரி, அதற்காக எல்லாருக்கும் தெ தாரிக்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பால்மரம் தம்பி, அந்த இரண்டு டாக்டரும் பொய் சொல்லவில்லை. உணவுக்குழாயில் புண் இல்லாமலே தொண்டைக்கு ஆசிட் ஏறலாம், ஸ்கோப்பில் அது தெரியாது. ஆனால் தொண்டை சிவந்திருப்பதை மட்டும் வைத்து ஆசிட் என்று முடிவு கட்டவும் முடியாது, நாள் முழுக்க வகுப்பில் கத்தினாலும் சிவக்கும். சந்தேகம் தீர 24 மணி நேரச் சோதனை ஒன்று இருக்கிறது, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது பேச்சுப் பயிற்சியாளரை. காறக் காற நாண் இன்னும் வீங்கும், வீங்கினால் இன்னும் காறத் தோன்றும். காறல் வரும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்து அழுத்தி விழுங்கப் பழக்குவார்கள், வகுப்பில் கத்தாமல் குரலைக் கொண்டுபோகவும் சொல்லித் தருவார்கள். தொண்டை டாக்டர், வயிற்று டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர், சாப்பாட்டு ஆலோசகர், இந்த நாலு பேரும் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் விடிவு. நம் பக்கம் அப்படி ஒரே இடத்தில் கிடைப்பது கஷ்டம், அதனால் ஒரு ஃபைலில் இரண்டு ஸ்கோப் ரிப்போர்ட்டையும் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்) கடிதம் வாங்கினால் அரசாங்க ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கலாம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொண்டைக்கு இரண்டு மூன்று மாதம் கூட ஆகும். எப்போது போடுகிறார்? விழுங்கச் சிரமம், எடை குறைவு, ரத்தம், கழுத்தில் கட்டி, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் உடனே போங்கள்.

பால்மரம்72:
நன்றிக்கா. அந்த நாலும் இல்லை. மாத்திரை ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது.

முன்னாள் மிஸி:
அட, அதுதான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியது அது. டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், கட்டிலின் தலைமாட்டுக் காலுக்கு அடியில் செங்கல் வையுங்கள்.

பால்மரம்72:
செங்கல் வைத்தாயிற்று அக்கா. நான் கால்மாட்டுக்குச் சறுக்கி வந்துவிடுகிறேன், அவள் சிரிக்கிறாள், சத்தம்தான் வரவில்லை. திங்கட்கிழமை கடிதம் வாங்கப் போகிறோம்.