புதுப்பிப்பு: ஒரு செமஸ்டர் முன்னதாகவே படிப்பை முடித்துவிட்டேன்

கல்லூரிப் படிப்பைச் சீக்கிரம் முடிக்க வழி உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். முடித்துவிட்டேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, கடைசிப் பாடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடச் சொன்ன யோசனைதான். புள்ளியியல் முடித்தால்தான் ஆய்வுமுறை, அது முடிந்தால்தான் ப்ராஜெக்ட். மொத்த கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் அலகு) எண்ணிக்கையைவிட இந்தச் சங்கிலிதான் காலத்தை இழுக்கிறது. அதனால் புள்ளியியலை முதலிலேயே எடுத்தேன். விருப்பப் பாடங்களைக் கோடை வகுப்பில் முடித்தேன். கூடுதல் பாடத்துக்கு ஆலோசகரின் அனுமதி தேவைப்பட்டது, கேட்டதும் கிடைத்தது.

எதிர்பாராதது: ஆய்வுமுறை வகுப்பு வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டுமே நடக்கிறது. இதை அட்டவணையில் முதலில் பாருங்கள். அப்புறம், பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியும் முன்னதாகவே வந்துவிடும். நாமாகத்தான் விசாரிக்க வேண்டும்.