சமூக வன வள உரிமை கேட்கும் படிவம் சி நிரப்பத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் சத்தியமங்கலம் மலைப் பகுதியைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் சோளகர் பழங்குடி, மீதி ஊராளிப் பழங்குடி. சீமார் புல், கல்பாசி, நெல்லி, கடுக்காய், தேன், இவைதான் வருஷத்தில் பாதி நாள் அடுப்பெரிய வைப்பவை. காட்டுக்குள் போகும்போதெல்லாம் யாராவது தடுப்பார்களோ என்ற பயம் இன்னும் தீரவில்லை.

2006 வன உரிமைச் சட்டப்படி கிராம சபை கூட்டி, சமூக வன வள உரிமை, அதாவது ஊரார் காலங்காலமாகப் புழங்கும் காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமை, கேட்டு மனுக் கொடுத்தோம். பழைய ஆவணம் இல்லை என்று வாயால் சொல்லித் திருப்பிவிட்டார்கள். எழுத்தில் காரணம் தரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் 2012 திருத்த விதிகள், குறிப்பிட்ட ஒரு ஆவணம்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்கின்றன. பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். எங்கள் பாட்டிக்குத் தேன் எடுக்கும் பாறை ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும். நாங்கள் பல தலைமுறையாக இங்கே இருப்பதற்குச் சாட்சியாகக் கோவில், சுடுகாடு, பழைய கிணறு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

படிவம் சி நிரப்பி அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தமிழில் எழுதிய கிராம சபைத் தீர்மானத்தின் மாதிரி ஒன்று வேண்டும். அப்புறம், செல்போன் ஜிபிஎஸ் வைத்து நாங்கள் உரிமை கேட்கும் காட்டின் எல்லையை நடந்து வரைபடமாக்குவது எப்படி என்று நேரில் வந்து காட்ட முடிந்தால் பெரிய உதவி. தங்க இடமும் ராகிக் களியும் எங்கள் வீட்டில் உண்டு. மழை பிடிப்பதற்குள் எல்லை நடந்து முடிக்க வேண்டும், தயவுசெய்து இங்கேயே பதில் போடுங்கள்.