சிலம்பம் சுற்றும் ஃபிளிப் புக்: கம்பு எதிர்த்திசையில் சுழல்கிறது, உடம்பு நடுங்குகிறது

கோட்டோவியம்:
வேகமாகப் புரட்டினால் படம் அசைவதுபோல் தெரியும் ஃபிளிப் புக் செய்திருக்கிறேன். 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை அளவு) ஏ4 தாளை எட்டாக வெட்டி, 7.4 செ.மீ. பக்கத்தில் கிளிப் மாட்டிய 60 பக்கப் புத்தகம். ஒருவர் நின்ற இடத்திலேயே சிலம்பம் சுற்றுகிறார். கம்பு கடிகார முள் போகும் திசையில் சுற்றவேண்டும். புரட்டினால் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. அசையாமல் இருக்கவேண்டிய காலும் இடுப்பும் நடுங்குகின்றன. போதாததற்கு ஐந்தாறு தாள் சேர்ந்தே விழுகிறது. ஒவ்வொரு படத்தையும் முந்தின படத்தின் மேல் வைத்து டிரேஸ் எடுத்ததுதான். எங்கே தப்பு?

பெரம்பூர்க்காரர்:
பக்கத்துக்குப் பக்கம் கம்பு எத்தனை டிகிரி திரும்புகிறது?

கோட்டோவியம்:
120, சார். வேகமாகத் தெரியட்டும் என்று மூன்று பக்கத்துக்கு ஒரு சுற்று வைத்தேன்.

பெரம்பூர்க்காரர்:
கம்பு பின்னால் போவது அதனால்தான். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் 180 டிகிரி திரும்பினாலே பழைய படம் வந்துவிடும். 120 முன்னே போனாலும் 60 பின்னே வந்தாலும் தாளில் விழுவது ஒரே கோடு. இரண்டில் குறைந்த நகர்வான 60-ஐத்தான் கண் பிடிக்கும். 90 வைத்தால் அதைவிட மோசம், திசையே தெரியாமல் கூட்டல் குறி மாதிரி மினுக்கும்.

30 வையுங்கள். நொடிக்கு 12 பக்கம் புரட்டினால் நொடிக்கு ஒரு சுற்று. 60 பக்கத்தில் 5 சுற்று. அவசரம் என்றால் 45 வரை போகலாம். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால், கம்பு கடந்துவந்த பாதையில் முனைக்குப் பின்னால் இரண்டு மூன்று மெல்லிய வளைகோடுகள் இழுங்கள். ஒரு முனையில் மட்டும் கருப்புப் பூண் போட்டால் திசை பளிச்சென்று தெரியும்.

கோணத்தைக் கண்மதிப்பில் போடாதீர்கள். ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) துண்டில் 30 டிகிரி இடைவெளியில் 12 கோடு கீறி, நடுப்புள்ளியை மணிக்கட்டின் மேல் வைத்துக் குறியுங்கள்.

தலைக்கு மேல் சுற்றுவதாக வரைந்தால் கணக்கு வேறு. கம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது நீளம் குறையவேண்டும்: 4 செ.மீ. கம்பு அடுத்தடுத்து 4, 3.5, 2 என்று சுருங்கி, நான்காவது படத்தில் முனை மட்டும் தடித்த புள்ளியாகத் தெரியும். பிறகு அதே அளவில் நீளும். இதை விட்டால் கம்பு ரப்பர் மாதிரி வளையும்.

தாளும்கோடும்:
நடுக்கத்துக்குக் காரணம் உங்கள் டிரேஸ் முறை. படம் 2-ஐ 1-இலிருந்தும் 3-ஐ 2-இலிருந்தும் எடுக்கும்போது அரை மி.மீ. பிசகு பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்துகொண்டே போகும். கால், இடுப்பு இரண்டையும் ஒரே மூலத்தாளிலிருந்து 60 முறையும் எடுங்கள். கையையும் கம்பையும் மட்டும் மாற்றுங்கள். அட்டையில் எல் வடிவச் சட்டம் ஒட்டி, தாளின் கீழ் ஓரத்தையும் கிளிப் பக்கத்தையும் அதில் முட்டவைத்து வரையவேண்டும். மையிடுமுன் பென்சில் படங்களை மொபைலில் எடுத்து, நொடிக்கு 12 படமாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சேர்ந்து விழுவதற்கு 70 ஜிஎஸ்எம்தான் காரணம். அதற்கு விறைப்பு போதாது. சென்னை ஈரக்காற்றில் இன்னும் துவண்டுபோகும். 120 ஜிஎஸ்எம் வாங்குங்கள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். வெட்டக் கொடுக்குமுன் தாளை இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள்: எந்த மடிப்பு லேசாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோடு கிளிப் பக்கத்துக்கு இணையாக வரவேண்டும்.

60 தாள் சுமார் 9 மி.மீ. கனம் வரும். 19 மி.மீ. அகலக் கிளிப் போதாது, 32 மி.மீ. வேண்டும். கிளிப் பக்கம் 3 செ.மீ. வெற்றிடம் விட்டு, பக்க எண்ணை அங்கேயே எழுதுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் புரட்டினால், புரட்டும் ஓரத்தில் கடைசித் தாள் உள்ளடங்கியும் முதல் தாள் வெளியே நீட்டியும் இருக்கும்படி அடுக்கைச் சரித்து, மொத்தம் 3 மி.மீ. படி வைத்துக் கிளிப் மாட்டுங்கள். கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக நழுவும். தாளுக்கு 0.05 மி.மீ.தான் நகர்வதால் படத்தில் ஆட்டம் தெரியாது.

கோட்டோவியம்:
120 ஜிஎஸ்எம்மில் அடியில் இருக்கும் கோடு தெரியுமா?

தாளும்கோடும்:
வெளிச்சம் இல்லாமல் தெரியாது. இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் கண்ணாடியை வைத்து, கீழே மொபைல் டார்ச். கண்ணாடியின் அடியில் ஒரு பட்டர் பேப்பர் ஒட்டினால் ஒளி பரவும். மூலத்தாளில் மட்டும் 0.5 கருப்புப் பேனா, மற்றதெல்லாம் பென்சில். ஜெல் பேனாவால் மையிட்டால் நன்றாகக் காயும்வரை அடுக்காதீர்கள்; மழை நாளில் மை அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும்.