ஜியோமேட்டிக்ஸ் படிப்பு: வீட்டில் எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி:
வணக்கம். சிவில் முடித்துவிட்டு நில அளவை வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, அடுத்து ஜியோமேட்டிக்ஸில் (நிலத்தை அளந்து வரைபடமாக்கும் துறை) எம்.இ. படிக்க ஆசை. காலையில் டோட்டல் ஸ்டேஷனை (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) முக்காலியில் ஏற்றி மட்டம் பார்க்கும்போதே மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் மாமா, "ஃபோனிலேயே மேப் இருக்கே, இதுக்கு ஒரு படிப்பா?" என்கிறார். என்ன சொல்லலாம்?

பதில் 1:
மாமாவிடம் கணக்காகவே சொல்லுங்க தம்பி. ஃபோன் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும். முப்பது அடி அகல மனையில் ஐந்து மீட்டர் தவறினால் பாதி மனை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். ஆர்.டி.கே. என்ற செயற்கைக்கோள் அளவை முறையில், நிலை தெரிந்த ஒரு புள்ளியிலிருந்து திருத்தம் வாங்கி அளப்பதால் பிழை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கும். எல்லைக்கல் தகராறில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோன வீடுகளைப் பார்த்தவன் நான், புலப்படத்தை (அரசின் நில அளவை வரைபடம்) வைத்து அளந்து கல்லை ஊன்றிய பிறகுதான் அவர்கள் முகத்தில் தெளிவு வரும்.

பதில் 2:
மழைநீர் வடிகாலையும் சொல்லுங்க. சென்னை மாதிரி தட்டையான ஊரில் மட்டம் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் தெருவிலேயே நிற்கும். அப்புறம், 1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன், இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் முக்கோண அளவைக்கு அடிக்கோடு (முதலில் நேரடியாக அளக்கும் ஆதாரக் கோடு) அளந்தது நம்ம பரங்கிமலைப் பக்கம்தான். கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான்!

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டு மனையையே அளந்து காட்டப் போகிறேன்.