கப்பல் சாயும்போது ஸ்டெபிலிட்டி சாஃப்ட்வேர் சொல்றத எவ்ளோ தூரம் நம்பலாம்?

அலைவரிசை:
சிமுலேட்டர்ல ஃப்ளடிங் எக்சர்சைஸ் (கப்பலுக்குள்ள தண்ணி புகுந்தா சமாளிக்கிற பயிற்சி) பண்ணோம், கப்பல் போர்ட் பக்கம் (இடது) 8 டிகிரி சாஞ்சு நின்னுச்சு, நாங்க யோசிக்காம ஸ்டார்போர்டு (வலது) பக்க பேலஸ்ட் டேங்க்ல, அதாவது கப்பலை சமன் பண்ண தண்ணி நிரப்புற டேங்க்ல, தண்ணி விட்டோம், கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு திடீர்னு மறுபக்கம் படார்னு விழுந்து முன்ன விட அதிகமா சாஞ்சிடுச்சு. கப்பல் கவுறாம நிக்குமான்னு கணக்கு போடற ஸ்டெபிலிட்டி சாஃப்ட்வேர்ல மஞ்சள் வார்னிங் வந்துச்சு, யாரும் பாக்கல. ஏன் இப்படி ஆச்சு?

பழைய மாலுமி:
தம்பி, அது லிஸ்ட் இல்ல, லால். ஒரு பக்கம் வெயிட் கூடி சாயற லிஸ்ட் வேற, ஜிஎம் (கப்பல் தானா நிமிர்ற திறனோட அளவு) மைனஸ் ஆகி கப்பலால நிமிந்து நிக்க முடியாம சாயற லால் வேற. ரெண்டு பக்க வெயிட் கணக்கும் சமமா இருந்தும் சாஞ்சு நின்னா லால்னு சந்தேகப்படணும். அப்போ மொதல்ல அடியில இருக்குற டபுள் பாட்டம் டேங்க், அதுவும் தாழ்ந்த பக்கத்துல, ஒவ்வொண்ணா நிரப்பணும். ஆரம்பத்துல சாய்வு கூடும், பயமா இருக்கும், ஆனா அதான் வழி. இன்னொண்ணு, பாதி நிரம்பின டேங்க்ல தண்ணி இங்கயும் அங்கயும் ஓடும், அந்த ஃப்ரீ சர்ஃபேஸ் அகலத்தோட மும்மடிக்கு போகும், அகலம் ரெண்டு மடங்குன்னா பாதிப்பு எட்டு மடங்கு. 2006ல செங்கடல்ல "அல் சலாம் போக்காச்சியோ 98"ங்கற பயணிகள் கப்பல்ல தீயணைக்க அடிச்ச தண்ணியே கார் டெக்ல தேங்கி கப்பலைக் கவுத்துச்சு, கிட்டத்தட்ட 1000 உயிர். நல்ல சாஃப்ட்வேர்னா "இந்த டேங்க நிரப்பு"ன்னு மட்டும் சொல்லாது, அது நிரம்புற வழியில, பாதியில, ஜிஎம் எவ்ளோ இறங்கும்னும் காட்டும். நீங்க பாக்காம விட்ட மஞ்சள் அதுவா இருக்கலாம்.

டெக்_கேடட்:
எல்லா கப்பல்லயும் இது இருக்குமா?

பழைய மாலுமி:
சோலாஸ் (கடல் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) படி 2014 ஜனவரி 1லேர்ந்து கட்டின பெரிய பயணிகள் கப்பல்ல ஸ்டெபிலிட்டி கம்ப்யூட்டர் இருக்கணும், இல்லன்னா கரையிலேர்ந்து கணக்கு போட்டுத் தர்ற ஏற்பாடு இருக்கணும்.

பம்ப்ரூம்:
நான் இன்ஜின் சைடு. கணக்கு தப்பாகாது, உள்ள போற தகவல்தான் தப்பாகும். 2018ல நார்வே போர்க்கப்பல் ஹெல்கே இங்ஸ்டாட் டேங்கரோட மோதினப்போ, பின்பக்கத்துல புகுந்த தண்ணி உள்ள குழலா இருந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாவே கியர் ரூமுக்குப் போயிடுச்சு. தண்ணி புகாதுன்னு நம்பின தடுப்பு அது, மாடல்லயும் அப்படித்தானே இருக்கும்? அதனால சென்சார் பச்சை காட்டினாலும் பக்கத்து கம்பார்ட்மென்ட்டுக்கு ஆள் அனுப்பி சவுண்டிங் டேப் (தண்ணி ஆழம் அளக்குற டேப்) இறக்கிப் பாக்கச் சொல்லுவேன். பல்க்ஹெட்ல (கம்பார்ட்மென்ட்டைப் பிரிக்கிற சுவர்ல) தண்ணி மட்டத்துக்கு சாக்பீஸ் கோடு போட்டு பக்கத்துலயே நேரம் எழுதணும், அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல எத்தன சென்டிமீட்டர்னு பிரிட்ஜுக்கு (கப்பலை ஓட்டுற அறைக்கு) சொன்னா, சாஃப்ட்வேர்ல அடிச்சு இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு பாக்கலாம்.

அலைவரிசை:
ரொம்ப நன்றி அண்ணா. லாக் எடுத்துப் பாத்தேன், நாங்க தண்ணி விட்ட டேங்க் 40 சதவீதத்துல இருக்கும்போதுதான் புரண்டிருக்கு. நாளைக்கு மறுபடி ஓட்டுறோம், இந்த தடவ தாழ்ந்த பக்கத்துலேர்ந்து.